இறங்க மறுத்த சிலை

மாப்பிள்ளை,

இன்று காலை குளிக்கும்போது காதுமடலுக்குப் பின்னால் நகத்தால் சுரண்டினேன். வெள்ளிப் பூச்சு வந்தது. நாடகம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. கடலை மாவு, சீயக்காய், பாத்திரம் துலக்கும் தூள், கடைசியாக என் மனைவியின் வசவு, எதற்கும் அது மசியவில்லை. அலுமினியத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த அந்த வாடை வெந்நீர் ஆவியோடு எழுந்தது. உன் நினைவு வந்தது என்று மரியாதைக்கு எழுதலாம். உண்மையில் நீயே கதவைத் தட்டாமல் குளியலறைக்குள் வந்து, ஈரத் துண்டோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாமா, மூக்கு நுனியில பூச்சு பத்தல" என்று குறை சொன்னாய். செத்த பிறகும் டைரக்‌ஷன்.

நமக்குள் மாமன் மாப்பிள்ளை உறவு எதுவும் கிடையாது. கொள்ளேகாலில் இருந்து வேலை தேடி ஒரே பஸ்ஸில் மைசூருக்கு வந்த இரண்டு பேர் நாம். "மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாய். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த அவமானத்துக்குப் பழிவாங்க, பெண் கொடுக்காமலேயே உன்னை மாப்பிள்ளை ஆக்கினேன். உன் புண்ணியத்தில் இந்த நகரமே எனக்கு மருமகப்பிள்ளையாகிவிட்டது. என் மாமனார்கூட ஒருமுறை வாய் தவறி என்னை மாமா என்று கூப்பிட்டார்.

ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தோம். நான் லேத்தில், நீ ஸ்டோரில் எழுத்தர். பழைய ஸ்டோர் சீட்டுகளின் பின்பக்கத்தில் நீ எழுதியதுதான் "சிலைக்குச் சளி". அதன் கதை உலகத்துக்கே தெரியும் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். உன் உலகம் மைசூரில் தொடங்கிக் கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளியில் முடிந்தது. ஆகவே தெரியாத பாவப்பட்ட மிச்ச உலகத்துக்காக இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நகர்மன்றத் தலைவர். தான் செத்த பிறகு தனக்குச் சிலை வைப்பார்கள் என்று கேள்விப்படுகிறார். அதுவரை பொறுக்க முடியாமல் உயிரோடு இருக்கும்போதே வைத்துக்கொள்கிறார். முதல் மழையில் சிலை நனைகிறது. அதற்குச் சளி பிடித்திருக்குமோ என்று ஓர் அதிகாரி பயந்து டாக்டரை அழைத்துவர, டாக்டர் சிலையின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டு "பேஷன்ட் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுக்கிறார். சிலைக்குக் குடை பிடிக்க ஓர் ஆள், அந்த ஆளை மேற்பார்க்க இன்னோர் ஆள். பிறகு ஜனங்கள் தலைவரை விட்டுவிட்டுச் சிலையிடமே மனு கொடுக்க ஆரம்பிக்கிறார்கள், அதுவாவது குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்கிறது என்று. தலைவருக்குத் தன் சிலைமேலேயே பொறாமை மூண்டு, அதைக் கைது செய்ய உத்தரவிடுகிறார்.

கடைசிக் காட்சியில்தான் விஷத்தை வைத்திருந்தாய். கைது செய்ய வந்த போலீஸ்காரர்கள் பழக்கதோஷத்தில் சிலைக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேடையில் சிலை மட்டும். நாடகம் முழுக்க வாய் திறக்காத அது மெல்லக் கழுத்தைத் திருப்பும், பீடத்தை விட்டு இறங்கும், மேடையோரம் வந்து முதல் வரிசை சோபாவில் இருக்கும் சிறப்பு விருந்தினரைப் பார்த்து, தனக்கென்று இருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லும்: "ஐயா, கால் வலிக்குதுங்க. நீங்க கொஞ்சம் நில்லுங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்தர்றேன்." சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து வெளியே போய்விடும். காலிப் பீடத்தின்மேல் விளக்கு எரியும்.

சிலையாக யார் நிற்பது என்ற பேச்சு எழுந்தபோது நீ மேனேஜருக்குக் கேட்கும்படி, "மாமா வேல செய்யறதப் பாத்திருக்கேன், அசையவே மாட்டாரு" என்றாய். அப்படித்தான் எனக்கு அந்தப் பட்டாபிஷேகம் நடந்தது. சாமுண்டி மலை நந்திக்கு அடுத்தபடியாக இந்த ஜில்லாவில் அசையாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். நந்திக்காவது உட்கார்ந்துகொள்ளும் சலுகை உண்டு. கௌதள்ளியில் பொழுது சாயுமுன் தொடங்கிய ஆட்டத்தில் ஒரு நிஜக் காகம் என் தோளில் வந்து அமர்ந்தது. அது கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பேரன் பேத்தி எடுக்கும்வரை நின்றிருப்பேன். இடைவேளை மணி அடித்துக் கெடுத்துவிட்டார்கள்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு சிக்கல் இருந்தது. நம் ஊர் விழாவில் எந்தச் சிறப்பு விருந்தினரும் முடிவுவரை உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. தலைக்கு மைசூர் பேட்டாத் தலைப்பாகை, தோளுக்குச் சால்வை, கழுத்துக்குச் சந்தன மாலை, கைக்குப் பழத்தட்டு என்று வரிசையாக வந்து சேர்ந்ததும், "இன்னொரு ப்ரோக்ராம் இருக்குது" என்று எழுந்துவிடுவார். விருந்தினர் இல்லாத சோபாவிடம் போய்ச் சிலை என்ன சொல்லும்? நீ மூன்று நாள் யோசித்தாய். நான்காம் நாள் மரியாதையை நாடகத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தாய். விருந்தினரின் காதில், "ஐயா, ஆட்டம் முடியறப்பதான் உங்களுக்கு விசேஷ மரியாதை, எந்திரிச்சுடாதீங்க" என்று ஓதினாய். ஜரிகைப் பேட்டாவை அவர் கண்ணில் படும்படி ஒரு தட்டில் வைத்தாய், எலிப்பொறியில் மசால் வடை வைப்பதுபோல.

முதல் ஆட்டத்துக்கு வந்தவர் ஒரு பெரிய அதிகாரி. இரண்டு மணி நேரம் கண்ணைப் பேட்டாவை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வந்து வசனத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. விசேஷ மரியாதை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்! "ஆகட்டும், ஆகட்டும்" என்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, பீடத்தின்மேல் நின்று, நான் எப்படி வலக்கையை நீட்டியிருந்தேனோ அப்படியே நீட்டினார். அப்போது எழுந்த சிரிப்பில் ஸ்ரீரங்கப்பட்டணத்து வயல்களில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாக எனக்கு நம்பகமான தகவல் உண்டு. அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் நிமிர்ந்தார். நீ ஓடிப்போய்ப் பேட்டாவையும் அவர் தலையில் வைத்துவிட்டாய்.

மறுநாள் உன்னைக் கூப்பிட்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு மரியாதைய யாரும் பண்ணுனதில்ல" என்றாராம். அந்தப் போட்டோ அவர் ஓய்வு பெறும்வரை அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. ஊரெல்லாம் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய அன்று நீ மட்டும் டீக்கடை பெஞ்சில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாய். "அந்தாளுக்கு உறைக்கவே இல்ல, மாமா. இதுக்கு மேல என்னத்த எழுதறது?" என்று கேட்டாய். அன்று நான் உன் டீயையும் சேர்த்துக் குடித்தேன். எனக்கு வேறு ஆறுதல் தெரியாது.

அதன் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வி. ஆட்டம் முடிந்ததும் ஒருவர் உன்னை ஓரமாக அழைத்துப் போவார். "எங்கூரு ஆளப் பத்தி உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்பார். கொள்ளேகாலில் கேட்டார்கள். அதற்கு அடுத்த ஊரில் கேட்டார்கள். நீ எந்த ஊர் ஆளையும் எழுதவில்லை என்று சத்தியம் செய்தால், "சும்மா சொல்லாதீங்க, அந்தக் குடை எங்கூட்டுக் குடைதானுங்க" என்பார்கள். கௌதள்ளியில் மனுக் கொடுக்கும் காட்சியில் ஒரு பெண்மணி நிஜமாகவே மேடையேறி என் காலடியில் ஒரு காகிதத்தை வைத்தாள். "சாமி, எங்க ஸ்டாப்புல பஸ் நிக்கமாட்டேங்குதுங்க" என்றாள். அவள் நாடகத்தில் இல்லை. நடிகர்கள் திகைத்துப் போனார்கள். நான் சிலை, என்ன செய்ய முடியும்? முழுவதும் கேட்டுக்கொண்டேன். அவளும் திருப்தியாக இறங்கிப் போனாள். அன்று உனக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியிருக்கும், பூச்சு கரையும் என்று அடக்கிக்கொண்டேன்.

உறைத்தவரும் ஒருவர் வந்தார். மைசூரில் நான்கு தெருவைக் கையில் வைத்திருந்த ஒரு பிரமுகர். குடைக் காட்சியிலேயே அவர் கழுத்து சிவந்துவிட்டது. நான் இறங்கி வந்து வாயைத் திறந்ததும் எழுந்தார். "யாருலே எழுதுனது?" என்று மட்டும் கேட்டார். நீ திரைக்குப் பின்னால் இருந்து வந்து, "நான்தானுங்க" என்றாய். ஒளிந்துகொள்ளாமல் சொன்னாய். அவர் பேட்டாவைத் தட்டோடு தள்ளிவிட்டுப் போனார். பிறகு அந்த மண்டபத்தின் கதவு ஐந்து வருஷம் நமக்குத் திறக்கவில்லை. உனக்கு அன்று வந்த சந்தோஷம் மகன் பிறந்த அன்றுகூட வரவில்லை. "உறைச்சுதடா மாமா, உறைச்சுது!" என்று என் வெள்ளிக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் உதடு வீங்கித் திரிந்தாய்.

அப்படிப்பட்ட நீதான், மாப்பிள்ளை, அந்தக் காட்சியை வெட்டினாய்.

காவிரித் தண்ணீர்த் தகராறில் இரண்டு மாநிலமும் கொதித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம் அது. நம் தெருவில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்காரர், "நீங்க வெளிய போக வேண்டாம் சார்" என்று நமக்கும் சேர்த்துப் பால் வாங்கி வந்து கொடுத்தார். ஆனாலும் தமிழில் ஒரு போஸ்டர் ஒட்டக் கை தயங்கிய காலம். நீ அப்போது நம் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஆண்டுவிழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வர ஒப்புக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு நடுவில் என்னைத் தனியாக அழைத்தாய்.

"கடைசிக் காட்சி வேண்டாம், மாமா. சல்யூட்டோட முடிச்சரலாம்."

"எதுக்கு?"

"வர்றவரு தயவு இப்ப நமக்கு வேணும். அவரப் போயி நில்லுன்னு சொல்ல முடியாது."

"அப்ப என்னாலயும் நிக்க முடியாது."

"நீ ஒத்த ஆளு. நாளைக்கு ஒண்ணுன்னா நாப்பது குடும்பம் எங்கிட்ட வந்து நிக்கும்."

"எழுதுனபடி போடு, இல்லாட்டி போடாத. ஒரு கமாகூடக் குறையக் கூடாது. எழுதுனவனே வெட்டறான்னா அதுக்குப் பேரு பயம்."

"ஆமா, பயந்தான். உனக்கில்லியா?"

பூச்சுத் தட்டை உதைத்துவிட்டு வந்தேன். நீ வைக்கோல் திணித்த ஒரு பொம்மைக்கு என் வேட்டியையே கட்டி, பீடத்தில் நிறுத்தி ஆட்டத்தை நடத்தினாய். வந்தவர் பாதியில் எழுந்து போனார் என்றும், யாரும் சிரிக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான்தான் பேச்சை நிறுத்தினேன். நான்கு வருஷம். ஒரே தெருவில் இருந்துகொண்டு, தினமும் காலையில் ஒரே பால் பூத்தில் நின்றுகொண்டு. நீ பால்காரரைப் பார்த்து "இன்னிக்கு மழ வரும்" என்பாய். நான் அதே பால்காரரைப் பார்த்து "வராது" என்பேன். அந்த மனிதர் கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ரேடியோவைப் போட்டுவிட்டார். ஐ.நா. சபையில் தீர்க்கமுடியாத அந்தப் பகையை உன் ஸ்கூட்டர் தீர்த்துவைத்தது. ஒருநாள் என் வீட்டு வாசலில் அது நின்றுபோனது. நீ மணியை அடித்தாய். "தள்ளு, மாமா" என்றாய். தள்ளினேன். சந்து முனைவரை தள்ளிய பிறகுதான் பெட்ரோல் தீரவில்லை, நீ சாவியையே திருப்பவில்லை என்று தெரிந்தது. நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ அந்த நாடகத்தைப் போடவே இல்லை. நாமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ போய் இரண்டு வருஷமும் சில மாதமும் ஆகிறது.

இந்த வருஷம் சங்கத்தின் விழாவுக்கு "சிலைக்குச் சளி"யை மறுபடி போடலாம் என்று முடிவு செய்தார்கள். இப்போதைய செயலாளர் வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் படிவம் நிரப்புவதுபோலவே பேசுவார். விஜயநகரில் அவர் வீட்டு மாடியில் கூட்டம். டைரக்டர் சிந்து, இருபத்தாறு வயதுப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. உன் நாடகத்தைக் கையில் வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தால் என்னால் படிக்க முடியவில்லை. உன் தமிழ் முழுவதையும் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்! நடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். வாயைத் திறந்தால் அச்சு அசலாக உன் வசனம் வருகிறது. கௌரவமாக அதிர்ச்சி அடையலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒத்திகையில் வேறு அதிர்ச்சி காத்திருந்தது. டாக்டர் சிலையைச் சோதிக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் கூரை பெயரும். இந்தப் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடை பிடிக்க ஆள் நியமிக்கும் இடத்தில் ஒருவன், "இதுல என்ன காமெடி, எங்க ஏரியாவுலயே இருக்காங்களே" என்றான். மனுக் கொடுக்கும் காட்சியில் நாமெல்லாம் ஊசி விழுந்தால் கேட்கும் மாதிரி இருப்போமே, அங்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாடகம் பழசாயிடுச்சோ, அம்மா?" என்று சிந்துவைக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் கோபம் கொதித்தது, அவள் ஆமாம் என்று சொன்னால் அந்த மாடியில் இருந்து குதித்துக் காட்டியிருப்பேன்.

"ஹாகல்ல அங்கிள்," என்றாள். அப்படியில்லை என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்வாள். "நகு, அதான் சிரிப்பு, வேற எடத்துல வருது, அவ்ளோதான். நீங்க சும்னே நின்னாலே எங்களுக்குச் சிரிப்பு வருது."

பிறகுதான் செயலாளர் அழைப்பிதழை எடுத்து வைத்தார். தங்க எழுத்தில் போட்டிருந்தது: "நிறைவாக, விழாப் புரவலர் அவர்கள் பீடமேறும் சிறப்பு நிகழ்ச்சி."

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

"என்னப்பா இது?"

"மாமா, புரவலர் லேஅவுட் போடறவரு. சின்ன வயசுல கொள்ளேகால்ல இந்த நாடகத்தப் பாத்திருக்காராம். 'ஒரு தடவையாவது அந்தப் பீடத்துல ஏறி நிக்கணும்னு ஆசை சார்'னு அவரே வாயவிட்டுக் கேட்டாரு. பேட்டாவ மேல வெச்சே கட்டிரலாம். போட்டோகிராஃபருக்கும் சொல்லியாச்சு."

"அது அவரக் கிண்டல் பண்ற காட்சிப்பா!"

"தெரியும் மாமா. அவருக்கும் தெரியும். கோவமே இல்ல, சந்தோஷமா ஏறறேங்கறாரு. இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?"

நான் கத்தினேன். சாமுண்டி மலையில் எதிரொலி கேட்டிருக்கும். செயலாளர் அமைதியாகத் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, உங்களுக்கு வயதாகிறது, நிற்க முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டர் சிலைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். வைக்கோல் போய்ப் பிளாஸ்டர் வந்திருந்தது. வேறு வழியில்லாமல், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது சிந்து பின்னாலேயே வந்தாள். "அங்கிள், ஏறத் துடிக்கிற ஆளப் பாத்து ஏறுங்கன்னு சொன்னா அது ஜோக்கே இல்ல. வெல்கம் ஸ்பீச்" என்றாள்.

அவள் சொன்னது ஒரு வாரம் என்னைக் குடைந்தது. முதல் அதிகாரிக்கு உறைக்கவில்லை என்று நீ வாடினாய். இந்த மனிதருக்கு உறைத்து, அந்த உறைப்பும் இனித்துவிட்டதே! இவரிடம் போய் உன் வசனத்தை நான் சொன்னால், நீயும் நானும் சேர்ந்து அவருக்குப் பேட்டா கட்டியதாகத்தான் அர்த்தம். காட்சி இருக்கும், வெட்டமாட்டார்கள். ஆனால் நீ வெட்டியதைவிட மோசமாகச் செத்திருக்கும்.

விழா அன்று இரண்டு மணி நேரம் நின்றேன். எழுபத்துமூன்று வயதில் என் முழங்கால்கள் ஆளுக்கொரு கட்சியில் இருந்தன. போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். நான் கழுத்தைத் திருப்ப வேண்டிய நேரம். அதற்குள் புரவலர் எழுந்துவிட்டார். செயலாளர் மைக்கோடு முன்னால் வர, பேட்டாத் தட்டோடு ஒருவர் பின்னால் வர, போட்டோகிராஃபர் பக்கவாட்டில் ஓட, ஊர்வலமாக மேடையேறிப் பீடத்தின் காலடியில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஆசை.

நான் கழுத்தைத் திருப்பவில்லை.

"மாமா, இறங்குங்க," என்றார் செயலாளர் மெதுவாக. மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்க அது கேட்டது.

நான் சிலை.

"மாமா, சார் நிக்கறாரு."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். செயலாளர் என் கணுக்காலைத் தொட்டார், பிறகு தட்டினார், பிறகு இழுத்தே பார்த்தார். வெள்ளிப் பூச்சு அவர் சட்டைக் கையில் ஒட்டியது. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. "மாமாவுக்கு மயக்கமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு மயக்கம் இல்லை, மாப்பிள்ளை. பயம்தான். இனிமேல் இந்தச் சங்கத்தின் படியை மிதிக்கமுடியாது, நான்கு தெருக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், என் மனைவி இரண்டாவது வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கில்லியா என்று கேட்டாயே, இருந்தது.

புரவலர் அண்ணாந்து என்னைப் பார்த்து, "சார், நான் ஏறலாங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். உன் வசனம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பாமல், கையை இறக்காமல் சொன்னேன்: "வரிசையில வாங்க."

அரங்கம் வெடித்தது. காவிரி ஒரு நிமிஷம் கன்னம்பாடி அணையில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே போனது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சிரிப்பை அல்ல, அதற்கு அடுத்து நடந்ததை. புரவலர் ஓர் அடி பின்னால் நகர்ந்து, ஒழுங்காக நின்றார். வரிசையில்! அவருக்குப் பின்னால் பேட்டாத் தட்டுக்காரர் நின்றார். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் பக்கவாட்டுப் படியில் வேகமாக ஏறி வந்து, யார் முன்னால் என்று ஒருவரையொருவர் முழங்கையால் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் சேர்ந்தார்கள். செயலாளர் இப்படியும் அப்படியும் பார்த்தார். இடம் போய்விடும் என்று தோன்றியதோ என்னவோ, மைக்கோடு அவரும் போய் நின்றார். யாரும் அவர்களை நடிக்கச் சொல்லவில்லை. திரை இழுக்கிறவரின் கையை சிந்து பிடித்துக்கொண்டாளாம், "வேண்டாம் வேண்டாம், விடுங்க" என்று. நான் மேலே நிற்க, கீழே ஐந்து பேர் வரிசையில் நிற்க, அப்படியே விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நம் வயதுக்காரர்கள் சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செயலாளர் என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் அழைப்பிதழ்கூட வராது. புரவலர் மட்டும் ஒப்பனை அறைக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, "சார், எப்படிப் பாத்தாலும் வரிசையில நான்தானுங்களே மொத ஆளு?" என்று கேட்டார். "சந்தேகமே இல்லீங்க" என்றேன். நிம்மதியாகப் போனார்.

ஆக, கமா குறையக் கூடாது என்று உன்னிடம் கத்தியவன், எழுதியவனே இல்லாத நேரத்தில் உன் ஒரே வசனத்தை விழுங்கிவிட்டு, உன் சிலையை இறங்கவிடாமல் செய்துவிட்டான். இதற்காக வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்காதே. அடுத்த முறை அந்த வரிசைக்கும் ஒரு புரவலரைப் பிடித்து அழைப்பிதழில் போடுவார்கள், அவர்கள் திறமை எனக்குத் தெரியும். அப்போது வேறொன்று செய்வேன். கூப்பிடாவிட்டால் பூச்சைப் பூசிக்கொண்டு மண்டப வாசலில் நிற்பேன். முழங்கால் கைவிட்டால் உட்கார்ந்து செய்வேன், உட்கார்ந்த சிலைகளும் ஊரில் ஏராளம் இருக்கின்றன. உன் நாடகம் பழையதாகிவிட்டது என்று எவனாவது சொல்லட்டும், அந்த ஐந்து பேர் நின்ற இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

ஆனால் அந்தப் பீடத்தில் நீட்டிய கையோடு நின்றபோது ஒன்று புரிந்தது, அதை இறக்கிவைக்க இடமில்லாமல்தான் இந்த மடல். எனக்கு அந்தப் பயம் ஒரு நிமிஷம், என் ஒருவனுக்காக. உனக்கு ஒரு வருஷம் முழுக்க, நாற்பது குடும்பத்துக்காக. நீ வெட்டியது ஒரு காட்சி. நான் வெட்டியது நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தை எந்த மேடையிலும் இனி சேர்க்க முடியாது, அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஆனாலும் மாப்பிள்ளை, அந்தக் காட்சியை நீ வெட்டியிருக்கக் கூடாது.